பம்ப் இல்லாமல் சுற்றும் தண்ணீர்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

நானும் உங்கள் தங்கையும் நலம். உங்கள் டிராக்டரும் நலம். போன இடத்தில் நீங்களும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

நீங்கள் புதிதாக வாங்கிய நிலத்தை மழைக்கு முன் உழுதுவிட வேண்டும், தப்பினால் இந்த வருட விதைப்பே போச்சு என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தீர்கள். வாழ்நாளெல்லாம் லிஃப்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொத்தான் அமுக்கியவன் நான். உங்களைவிட வயதில் மூத்த அந்த வண்டியைப் பார்த்ததும் மனசு இளகிவிட்டது. முன்னால் இருக்கிற ரேடியேட்டரில் தூசி படியக்கூடாதே என்று என் போர்வையை இழுத்துக் கட்டினேன். வண்டி மூச்சு விடுவதே அந்த வழியாகத்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? பாதி வழியில் கொதித்து, குபுகுபுவென்று ஆவி கிளம்பி, என்னையும் கூட வந்த உங்கள் தங்கையையும் வெள்ளை மேகம் மூடிக்கொண்டது. உள்ளபடி சொன்னால் ரொம்ப அழகாக இருந்தது மச்சான். நான் அப்படியே பார்த்துக்கொண்டு மூடியைத் திறக்கக் கையை நீட்டினேன்.

"கைய எடுங்க! வெந்து போயிடும்! ஆறட்டும் முதல்ல!" என்று உங்கள் தங்கை போட்ட சத்தத்தில் மேகமே கலைந்துவிட்டது.

ஆறுகிற நேரத்தில் வண்டிக்கு அடியில் படுத்துப் பம்பைத் தேடினேன். ஃபேன் இருந்தது, பெல்ட் இருந்தது, தண்ணீரைச் சுற்றவிடுகிற பம்பைக் காணோம். உங்கள் மெக்கானிக்தான் கழற்றிக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று முடிவுகட்டி ஃபோனில் அவரைப் பிடிபிடியென்று பிடித்தேன்.

"அதுக்குப் பம்பே கிடையாது சார்," என்றார் அவர். "சூடான தண்ணி தானா மேல ஏறும். முன்னால போய் ஆறினா தானா கீழ இறங்கும். மேல்குழாய் வாய் மூழ்கற அளவுக்குத் தண்ணி இருக்கா?"

எங்கே இருக்கிறது? எல்லாம் ஆவியாய்ப் போய்விட்டதே!

"ஆயுசு முழுக்க மேலயும் கீழயும் போய் வந்த மனுஷன்," என்று உங்கள் தங்கை வானத்தைப் பார்த்துச் சொன்னாள். போர்வையை உருவினாள். வண்டி நன்றாக ஆறியபின் குடம் குடமாக ஊற்றி நிரப்பினோம்.

கிளப்பிவிட்டுக் குழாய்களைத் தொட்டுப் பார்த்தேன். மேலே சூடு, கீழே இதம். உள்ளே இருட்டில், யாரும் பொத்தான் அமுக்காமல், தண்ணீர் தன்பாட்டுக்கு மேல்மாடி ஏறிக் காற்று வாங்கிவிட்டு இறங்கி வருகிறது. ஒரு கணம் பொறாமையாகக்கூட இருந்தது. அந்தக் கிறக்கத்திலேயே வண்டியை நிலத்தில் இறக்கி, ஆகாயத்தில் போகிறவன்போல உழுதேன். உங்கள் தங்கை மட்கார்டில் உட்கார்ந்தபடி என் தோளில் சாய்ந்துகொண்டாள். கல்யாணமான புதிதில்கூட அப்படிச் சாய்ந்ததில்லை. பொழுது சாய்வதற்குள் நிலம் முழுவதும் புரட்டிப் போட்டாயிற்று. இனி நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகிற நேரத்தில் உங்கள் பக்கத்து நிலத்துக்காரர் வந்தார். உழ ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தாராம். அவர் நிலத்தை உழுது கொடுத்ததற்கு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கண் கலங்கிவிட்டார். நான் உழுத ஒரே நிலம் அதுதான் மச்சான். உங்கள் தங்கைதான், "அக்கம்பக்கத்துல இதுகூட செய்யலேன்னா எப்படிண்ணே?" என்று சொல்லி அனுப்பினாள். வெளியே மழை வலுக்கிறது.