கருத்தரங்கில் என் வீட்டுக்காரர் தப்பித்த விதம்

ஆம்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தம்பி வீரபாகுவுக்கு,

அக்கா தாயாரம்மாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நான், மகன் மூர்த்தி, மருமகள் சௌமியா மூவரும் நலம். குடியாத்தத்தில் நீயும் யோகலட்சுமியும் நலமா, தறிகள் நலமா, போன மாதம் படுத்துக்கொண்ட மோட்டார் எழுந்துவிட்டதா என்று எழுதவும். இதையெல்லாம் போனில் கேட்கலாமே என்பாய். போனில் நான் பேசும்போது நீ "ம்... ம்..." என்று சொல்லிக்கொண்டே டிவி பார்க்கிறாய், எனக்குத் தெரியும். கடிதத்துக்கு யாரும் "ம்" கொட்ட முடியாது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் மாமாவின் நல்ல பெயர், அவர் காலமாகி இத்தனை வருஷம் கழித்து, போன வெள்ளிக்கிழமை ஒரு கல்லூரி அரங்கத்தில் மயிரிழையில் தப்பியது. இப்போதுதான் எனக்குச் சோறு இறங்குகிறது.

சௌமியா கல்லூரியில் சமூகவியல் நடத்துகிறாள் அல்லவா? இரண்டு மாதம் முன்பு தினமும் சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்தாள். "அத்தை, நீங்க பூப்பந்து ஆடினதைச் சொல்லுங்க" என்றாள். இந்தக் காலத்தில் எந்த மருமகள் இப்படிக் கேட்கிறாள்? நானும் உருகிப்போய், வேலூர் கான்வென்ட்டில் சிஸ்டர் கையில் பிரம்புடன் சர்வீஸ் போடச் சொல்லிக் கொடுத்தது, தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு மாவட்ட அணிக்கு ஆடியது, கல்யாணத்துக்கு அப்புறமும் ஆடியது, பிறகு விட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்தில் அவள் போன் குப்புறப் படுத்திருந்தது. அது அத்தனையையும் பதிவு செய்துகொண்டிருந்தது என்பது எனக்கு எப்படித் தெரியும்?

வியாழக்கிழமை சாயங்காலம் பீரோ கண்ணாடி முன்னால் நின்று ஏதோ ஒப்பித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் 'விளையாட்டின் சமூகவியல்' என்று தேசியக் கருத்தரங்கமாம், அதற்குக் கட்டுரை. இங்கிலீஷ்தான். நான் கான்வென்ட்டில் படித்தவள் என்பது அவளுக்கு மறந்துவிட்டது போல. தோல் ஊரில் வாழும் ஒரு கைம்பெண், நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர், பூப்பந்து வீராங்கனை, அவரது ஆட்டத்தை ஆணாதிக்கம் பிடித்த 'பேட்ரியார்க்கல் ஹஸ்பெண்ட்' ஒருவர் நிறுத்திவிட்டார் என்று வந்தது.

"யாரும்மா அந்த ஹஸ்பெண்ட்?" என்றேன்.

"பேரெல்லாம் போடலை அத்தை. பேட்டி குடுத்தவங்கள்ல ஏழாவது ஆள், ஆர்-செவன்னுதான் போட்டிருக்கேன்."

"ஆம்பூர்ல பூப்பந்து ஆடின ஷூ கம்பெனி சூப்பர்வைசர் பொண்டாட்டி எத்தனை பேரும்மா இருக்காங்க?"

நடந்தது இன்னா என்று உனக்கே தெரியும். (பார், கோபத்தில் எழுத்திலேயே 'இன்னா' வந்துவிட்டது. மன்னிக்கவும்.) உன் மாமா என்னை ஒரு நாளும் தடுத்தவர் இல்லை. மாறாக ஒரு மேட்சையும் விடாமல் வந்து கோட்டு ஓரத்தில் நின்றுகொண்டு, "தாயாரு, இடது பக்கம்! இடது பக்கம்!" என்று கத்துவார். எதிர் அணி கேட்டுவிட்டு அந்தப் பக்கமே வந்து நின்றுகொள்ளும். ஆற்காட்டில் கடைசி மேட்சில் அம்பயர் 'அவுட்' என்றதும் மனுஷன் கோர்ட்டுக்குள் ஓடி, பந்தைக் கையில் எடுத்து, அதில் ஒட்டியிருந்த சுண்ணாம்பை அம்பயர் மூக்கருகே நீட்டினார். எங்கள் அணியையே வெளியேற்றிவிட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் அழுத அழுகைக்கு, முன்பின் தெரியாதவர்களெல்லாம் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். ஆடியது நான், நெஞ்சைப் பிடித்துக்கொண்டது அவர். இந்த மனுஷன் நிலைக்கணும்னா ஆட்டம் வேணாம் என்று நானாகத்தான் பேட்டைப் பரண்மேல் போட்டேன்.

இதை அப்படியே சௌமியாவிடம் முன்பே சொல்லியிருக்கிறேன். ஏன் எழுதலை என்று கேட்டேன். "எழுதினேன் அத்தை. எங்க கைடு எடுத்துட சொல்லிட்டாரு. அது ஃபிரேம்வொர்க்குல உக்காராதாம்" என்றாள். "உன் மாமனார் திருவிழா பஸ்ஸில் படிக்கட்டிலேயே உட்கார்ந்து சோளிங்கர் வரைக்கும் போனவர், உன் ஃபிரேம்வொர்க்கில் உட்கார மாட்டாரா?" என்றேன். சிரித்தாளே தவிர ஒரு வரியும் மாற்றவில்லை. இதில் மோசம் என்னவென்றால், கருத்தரங்குக்குப் பை அன்பளிப்புச் செய்து முன்வரிசையில் உட்காரப் போகிறவர் யார் தெரியுமா, நம்ம அப்துல் ஹமீத் பாய். உன் மாமாவிடம் ஷூவுக்குத் தோல் கட்டிங் கற்றுக்கொண்டு இன்று சொந்தமாக யூனிட் நடத்துகிறவர். அவர் காதில் விழுந்தால் ஆம்பூர் முழுக்க விழுந்த மாதிரி. ஆகவே மறுநாள் காலையில் கஞ்சி போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு காரில் நான் முதலில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே போனால் வாசலில் ஒரே ரகளை. ஆலங்காயத்திலிருந்து பாண்டியன் என்ற பி.டி. மாஸ்டர் கோகோ ஆடும் பெண்கள் டீமையே வேனில் கொண்டுவந்து இறக்கியிருந்தார். 'விளையாட்டு' என்று போட்ட சுற்றறிக்கை எதுவானாலும் தலைமையாசிரியர்கள் படிக்காமல் பி.டி. மாஸ்டர் மேசைக்குத்தானே தள்ளுகிறார்கள். அவர் என்னைப் பார்த்து, "மேடம், கிரவுண்டு எந்தப் பக்கம்? எங்களுக்கு எதிர்ல யாரு?" என்றார். "கிரவுண்டு இல்லைங்க, கட்டுரை" என்றேன். "கட்டுரையா? பசங்களுக்குக் குளுக்கோஸ்லாம் குடுத்துட்டனே" என்று பேஜாராகிவிட்டார். அரங்கத்தில் ஆள் கம்மியாக இருந்ததால் டீமை அப்படியே உள்ளே உட்கார வைத்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பெண்களைப் போல முதுகு நிமிர்ந்து உட்கார்ந்தவர்கள் அங்கே வேறு யாருமில்லை. பேராசிரியர்கள் பாதிப் பேர் வாழைப்பழத் தோல் மாதிரி கிடந்தார்கள்.

சிறப்பு விருந்தினர் பாலாற்றுப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு மிக லேட்டாக வந்து, வந்த லேட்டையும் சேர்த்துப் பேசினார். குத்துவிளக்கு, சால்வை, மறுபடி சால்வை. கடைசியில் அமர்வுத் தலைவர் மோகனா மேடம் எழுந்து, நேரமில்லை, இனி ஆளுக்கு மூன்றே நிமிடம் என்று அறிவித்தார். மணி அடிக்க மணி இல்லை. பாண்டியன் மாஸ்டர் கழுத்தில் விசில் தொங்கியது. அவரையே மேடையோரம் உட்கார வைத்துவிட்டார்கள். வந்த இடத்தில் ஒரு வேலை கிடைத்த சந்தோஷத்தில் அந்த மனுஷன் கண்கொட்டாமல் வாட்சைப் பார்த்தார்.

நான் மெதுவாக சௌமியா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "கட்டுரை உன் இஷ்டம்மா. ஆனா மேடையில இருக்கிறவங்களுக்குப் பேர் சொல்லி வணக்கம் வைக்காம ஆரம்பிச்சா, மாமியார் ஒண்ணும் சொல்லிக் கொடுக்கலைன்னு என்னைத்தான் பேசுவாங்க. தாளாளர், முதல்வர், துறைத்தலைவர், விருந்தினர், மோகனா மேடம், பை குடுத்த ஹமீத் பாய், ஆலங்காயத்துப் பொண்ணுங்க, மைக் செட்காரர். யாரையும் விட்டுடாதே. நிதானமா சொல்லு" என்றேன். இதில் எனக்கு ஏதோ உள்நோக்கம் இருந்ததாக நீ நினைத்தால் நினைத்துக்கொள்.

தங்கமான பெண், தம்பி. ஒருத்தரையும் விடவில்லை. பட்டத்தோடு, பதவியோடு, பெயருக்கொரு கும்பிடு. ஒவ்வொரு பெயருக்கும் மாஸ்டர் தலையாட்ட, கோகோ பெண்கள் கைதட்ட, கைதட்டல் அடங்க அவள் காத்திருக்க, நான் உட்கார்ந்த இடத்தில் எனக்குத் தெரிந்த சாமி எல்லாவற்றையும் கும்பிட்டேன். கான்வென்ட்டில் கும்பிட்டவரையும் விடவில்லை. அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஆர்-செவனின் கணவர்" என்று ஆரம்பித்தாள். பீ...ப்! அப்படி ஒரு விசிலை நான் எந்த மேட்சிலும் கேட்டதில்லை. "இன்னும் ஒரு நிமிஷம் சார்" என்றாள். "ரூல்னா ரூலும்மா" என்றார் மாஸ்டர். முன்வரிசையில் ஹமீத் பாய், "ஆரம்பிச்சதும் முடிஞ்சிச்சா? நல்லா இருந்துச்சு" என்று கைதட்டினார். எனக்கு அப்போது வந்த மூச்சு இருக்கே, அது வியாழக்கிழமை சாயங்காலம் போனது.

சாப்பாட்டில் பிரியாணி. எனக்குத் தயிர்சாதம். சௌமியா கொஞ்சம் முகம் சுண்டித்தான் இருந்தாள். வழியில் ஸ்வீட் கடையில் மக்கன்பேடா வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்டிவிட்டேன். சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள், அவளுக்கு வேண்டியது அதுதானே. உன் மாமா மேல் ஒரு சொல் விழவில்லை. நிம்மதி.

யோகலட்சுமிக்கு என் அன்பு. முட்டி வலிக்கு எண்ணெய் தடவச் சொல். பொழுது போகாதபோது அல்ல, தினமும். உங்கள் தறி ஓயாமலும் உடம்பு நோகாமலும் இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்ளும்,

உன் அக்கா
தாயாரம்மாள் நாகேந்திரன்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது ஹமீத் பாய் போன் செய்தார். அவர் கொடுத்த பைக்குள்ளேயே ஒரு தடிப் புத்தகம் இருந்திருக்கிறது. எல்லார் கட்டுரையும் முழுசாக அச்சாகியிருக்கிறதாம். நான் பையைத் திறந்தே பார்க்கவில்லை. "அண்ணி, மருமக எழுதினதைப் படிச்சேன்" என்றார். "பாய், அது அப்படியில்லை" என்று ஆரம்பித்தேன். "இன்னா அண்ணி அப்படியில்லை? கரெக்டா எழுதியிருக்குது. அண்ணனே டீ டைம்ல எத்தினி வாட்டி சொல்லியிருக்காரு. 'ஹமீது, ஒரே வார்த்தைதான் சொன்னேன், பேட்டைக் கீழ வைன்னு. மறுபேச்சு இல்லாம வெச்சிட்டா'ன்னு. நாங்கல்லாம் வூட்டுக்குப் போய் அதே மாதிரி சொல்லிப் பார்த்து வாங்கிக் கட்டிக்கினோம்" என்று சிரிக்கிறார்.

கொச்சியில் அடுத்த மாசம் இன்னொரு கருத்தரங்காம். ஒரு எழுத்தும் மாத்தாம முழுசா வாசி என்று சௌமியாவிடம் சொல்லிவிட்டேன். உன் மாமா படத்துக்கு இன்னைக்கு நான் பூ வைக்கலை. நாளைக்கு வெச்சிடுவேன். ஒரு நாள் ஏன்னு யோசிக்கட்டும்.