மறுசுழற்சித் தண்ணீரும் என் மூக்கும்

என் உடம்பில் உயிர் இருக்கும்வரை அந்தத் தண்ணீர் என் தொண்டையில் இறங்காது என்று தெருக்கூட்டத்தில் முழங்கினேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

விஷயம் இதுதான். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருந்தே எங்கள் தெருப் பெண்களுக்கு இடுப்பு ஒடிந்துகொண்டிருந்தது. கழிவுநீரைச் சுத்திகரித்து வீட்டுக்கு வீடு குழாயில் தருகிறோம் என்று தண்ணீர் இலாகா இஞ்சினியர் வந்தார். படம் போட்டு விளக்கினார். எங்கிருந்து எடுக்கிறோம் என்பதிலிருந்து ஆரம்பித்தார். அங்கேயே அவர் கதை பாதி முடிந்தது. மீதியை நான் முடித்தேன்.

நான் சென்ட் கடை வைத்திருப்பவன். பாட்டிலைத் திறக்குமுன்பே ரோஜாவா, மல்லிகையா என்று சொல்லிவிடும் மூக்கு எனக்கு. ஊரில் பலர் மூக்கை நுழைப்பார்கள். நான் மூக்கால் பிழைப்பவன்.

"எத்தனை வீட்டுக் கழிவறையைப் பார்த்துட்டு வந்த தண்ணியோ" என்றேன். முன்வரிசை முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டது. இஞ்சினியர் தெருமுனையில் மாதிரிக்கு ஒரு குழாய் போட்டுவிட்டு, ஒரு மாதம் கழித்து முடிவு சொல்லுங்கள் என்று போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்.

"நீங்க அதைக் குடிச்சுப் பார்த்தீங்களா?"

"எதுக்குக் குடிக்கணும்? டம்ளரைப் பக்கத்துல கொண்டுவந்தாலே என் மூக்கு சொல்லிடும்."

"அப்படியா" என்றாள். அவ்வளவுதான். மனைவி எதிர்த்துப் பேசவில்லை என்றால் கணவன் உஷாராக வேண்டும். நான் பூரித்துப்போனேன்.

மறுநாளிலிருந்து தெருவில் என் மதிப்பு எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. வாசலுக்கு வந்தால் எதிர்வீட்டுத் தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வருவார்.

"அண்ணே, உடம்பு நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கேம்மா."

"வயிறு?"

"கல்லைத் தின்னாலும் செரிக்கும்."

"தூக்கம்?"

மாடிவீட்டு டீச்சர் இன்னும் ஒரு படி மேலே போய், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். ஒரு நாள் லேசாக இருமினேன். தெருவே ஜன்னலைத் திறந்து எட்டிப்பார்த்தது.

"தலைவன்னா இப்படி இருக்கணும்" என்று மனைவியிடம் மார்தட்டினேன். "என் உடம்பு மேல இந்தத் தெருவுக்கு எவ்வளவு அக்கறை, பார்த்தியா?"

"பார்த்துட்டுத்தான் இருக்கேன். தண்ணி குடிங்க" என்று சொம்பை நீட்டினாள்.

ஒரே மடக்கில் குடித்தேன். "லாரித் தண்ணிகூட இப்பல்லாம் என்ன ருசியா இருக்கு. நான் பேசின பேச்சுல லாரிக்காரனே திருந்திட்டான்."

மாதம் முடிந்தது. மறுபடி கூட்டம். இஞ்சினியர் முகத்தில் ஈயாடவில்லை. குழாய் வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்று தரையைப் பார்த்தபடி சொன்னார். அவர் நிமிர்ந்தபோது எதிரே ஒரே கைக் காடு. தூக்காமல் இருந்த ஆள் நான் ஒருவன்தான்.

"என்ன நடக்குது இங்கே?" என்றேன்.

என் மனைவி எழுந்தாள். "லாரி நம்ம தெருவை எட்டிப்பார்த்தே நாளாச்சுங்க. வீட்டுல நீங்க குடிச்சதெல்லாம் அந்தக் குழாய்த் தண்ணிதான்."

என் கை தானாக மூக்கைத் தடவியது. அது இருந்த இடத்தில்தான் இருந்தது. வேலைதான் பார்க்கவில்லை.

"இஞ்சினியர் எவ்வளவு சொல்லியும் யாரும் நம்பலை. இவ்வளவு அருவருப்புப் படற மனுஷன் குடிச்சு நல்லா இருந்தா நம்பறோம்னாங்க."

"ஏன், நீயே குடிச்சுக் காட்டியிருக்கலாமே?"

"முதல் நாளே குடிச்சேன். உங்களோட குடும்பம் நடத்தறவளை எதுவும் ஒண்ணும் செய்யாது, அது கணக்குல வராதுன்னுட்டாங்க."

கைதட்டல் எழுந்தது. அன்று எனக்குக் கிடைத்ததைவிடப் பெரியது. இஞ்சினியர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எப்படிப் பார்த்தாலும் இந்தத் தெருவுக்குத் தண்ணீர் வந்தது என்னால்தானே. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

அப்போது தையல்காரம்மா என் மனைவியிடம் மெதுவாகக் கேட்டது காதில் விழுந்தது.

"அண்ணி, முடி வளர புதுசா ஒரு எண்ணெய் வந்திருக்காம். அண்ணன் தலை சும்மாத்தானே இருக்கு?"