மூன்று மடிப்பு போனும் அமுதாவின் சமையலறையும்

இந்தக் கிள்ளான் ஊரில் பங்குச் சந்தையைப் பற்றி நாலு விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இதை நானே சொல்லக்கூடாது. ஆனால் வேறு யாரும் சொல்வதாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே இருக்கும் தே தாரேக் டீக்கடையில் நான் உட்கார்ந்தால் போதும், கூட்டம் கூடிவிடும். மேல்வீட்டு மார்க்கிரட் ஆன்டி உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த சூடான கறிபாப்போடு வந்துவிடுவார். ரயில்வேயில் ஓய்வு பெற்ற நாகையா எனக்காக நாற்காலியைத் துடைத்துப் போடுவார்.

"குரு, இந்த வாரம் என்னப்பா நினைக்கிற?" என்பார் ஆன்டி.

நான் சொல்வேன்.

"ஷுவரா?"

"நூத்துக்கு நூறு ஆன்டி!"

உடனே இருவரும் போனை எடுத்து எதையோ தட்டுவார்கள். வீட்டில்தான் மரியாதை இல்லை, வீதியிலாவது இருக்கிறதே என்று கறிபாப்பைக் கடிப்பேன்.

வீட்டு நிலவரம் வேறு. நான் "இன்னிக்கு மழை வராது" என்றால், என் மனைவி அமுதவள்ளி எழுந்துபோய்க் கொடியில் காயும் துணியை எல்லாம் உள்ளே எடுத்துப் போடுவாள். என் பேச்சின் மேல் அவ்வளவு அலட்சியம்.

டோரிக்கா என்று ஒரு போன் கம்பெனி. வருஷ ஆரம்பத்தில் அதன் பங்கு தரையில் கிடந்தது. "டோரிக்காவா? முடிஞ்ச கதை! பத்து காசுக்குக் குடுத்தாலும் தொடாதீங்க" என்று தே தாரேக் கடையில் தீர்ப்புச் சொன்னேன். அந்தப் பங்கு என்னைப் பழிவாங்குவதற்காகவே மளமளவென்று ஏறியது. பரவாயில்லை. மனசை மாற்றிக்கொள்ளத் தெரிந்தவன்தானே அறிவாளி. மூன்றாக மடிக்கும் போனை வெளியிடப் போகிறார்கள் என்று செய்தி வந்ததும் நான் மாற்றிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கடையில் அறிவித்துவிட்டு, நேரே மாடி ஏறி வீட்டுக்கு வந்தேன்.

"அமுதா, டோரிக்கா வானத்துக்குப் போகப் போகுது."

"எதுக்கு?"

"மூணா மடிக்கிற போன். விரிச்சா டிவி மாதிரி, மடிச்சா பாக்கெட்டுல. இனிமே உலகமே மடிக்கும்."

"உலகம் மடிக்கட்டும். துணியை மடிச்சு வைங்கன்னா மட்டும் உங்களுக்கு முதுகு வலி."

"பேச்சை மாத்தாத. போனை வாங்குறவன் ஏமாளி, பங்கை வாங்குறவன் முதலாளி. என் போனஸை மொத்தமா போடப் போறேன். உன் கேபினட் காசையும் அதுல போட்டுடு."

அமுதா கரண்டியைக் கீழே வைத்தாள். அந்தக் காசைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சமையலறை அலமாரிக் கதவு ஒன்று பல வருஷமாக ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றில்தான் தொங்குகிறது. திறந்தால் மஞ்சள் டப்பா தலையில் விழும். மூடினால் கதவே காலில் விழும். புது கேபினட்டுக்காக அவள் டியூஷன் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த காசு அது.

"அலமாரி என்ன அலமாரி! ரெண்டே வாரம். நடுவுல மேடை வச்ச கிச்சனே கட்டித் தரேன்."

"நிச்சயமா ஏறுமா?"

"என் மீசை மேல சத்தியம்!"

"ஷுவரா?"

"அமுதா, என் வாழ்க்கையிலேயே இவ்வளவு ஷுவரா நான் இருந்ததில்ல."

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அதை நான் பார்த்ததே இல்லை. "சரிங்க. என் காசை நான் பாத்துக்கறேன். நீங்க உங்க போனஸைப் போடுங்க" என்றாள்.

கடைசியில் இவளும் என்னை நம்பிவிட்டாள் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

போன் வெளியீட்டு நாளன்று உடம்பு சரியில்லை என்று எம்.சி. போட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன். ஆன்டியும் நாகையாவும் வந்திருந்தார்கள். அமுதா கேசரி கிண்டியிருந்தாள்.

மேடையில் டோரிக்காவின் பெரிய தலை வந்தார். போனை எடுத்தார். ஒரு மடிப்பு. கைதட்டல். இரண்டாம் மடிப்பு. ஆரவாரம். பிறகு விரித்தார்.

விரியவில்லை.

சிரித்துக்கொண்டே இழுத்தார். விரியவில்லை. சிரிக்காமல் இழுத்தார். பக்கத்தில் இருந்தவர் ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தார். இருவரும் தேங்காய் உரிப்பதுபோல் மல்லுக்கட்டினார்கள்.

என் கைப்பேசியில் பங்கு விலையைப் பார்த்தேன். மழையில் நனைந்த அப்பளம் மாதிரி தொய்ந்துகொண்டிருந்தது. போனஸ் போனது கூட வலிக்கவில்லை. அடுப்படியில் ஆடிக்கொண்டிருந்த அந்த ராஃபியா கயிறு கண்ணில் பட்டது. எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை மாலை கணக்குச் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த காசு!

"அமுதா, என்னை மன்னிச்சிரு. உன் கிச்சனை நான் தின்னுட்டேன்."

"கேசரி ஆறுது, அதைத் தின்னுங்க" என்றாள்.

அப்போதுதான் கீழே ஹாரன் சத்தம். ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். ஒரு லோரி. அதிலிருந்து பளபளவென்று கேபினட் கதவுகள் இறங்கின.

"அக்கா, எந்த மாடி?" என்று லோரிக்காரர் கத்தினார்.

"மூணாவது மாடி, லிஃப்ட் இருக்கு!" என்று அமுதா பதிலுக்குக் கத்தினாள்.

"இது... எப்படி?"

"வருஷ ஆரம்பத்துல டோரிக்காவைப் பத்தி என்ன சொன்னீங்க?"

"முடிஞ்ச கதைன்னு..."

"அன்னிக்கே வாங்கினேன். போன ஞாயித்துக்கிழமை என்ன சொன்னீங்க?"

"வானத்துக்குப் போகும்னு..."

"மறுநாளே வித்துட்டேன். நீங்க மழை இல்லன்னா துணி எடுக்கிறேன், இதுவும் அதே மாதிரிதான்."

நான் ஆன்டியைப் பார்த்தேன். அவர் கேசரியைப் பார்த்தார்.

"நானும் வித்துட்டேன்லா, குரு. அடுத்த மாசம் லங்காவி போறேன்."

"எனக்கு காருக்கு நாலு டயர், பாஸ்" என்றார் நாகையா நன்றியோடு. "உங்க வாக்கு ஒரு தடவை கூட பொய்க்கல. அப்படியே தலைகீழா நடக்குது."

ஞாயிற்றுக்கிழமை கறிபாப் எல்லாம் இதற்குத்தானா! ஒரு வாட்ஸ்அப் குழுவே வைத்திருக்கிறார்கள். பெயர், 'குரு வாக்கு'. தொடங்கியவள் என் மனைவி. அதில் நான் மட்டும் இல்லை.

எனக்கு ரோஷம் பொங்கியது. எழுந்து நின்றேன். மேசையில் ஓங்கிக் குத்தினேன்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இனிமே பங்கைப் பத்தி இந்த குரு வாயே திறக்க மாட்டான்!"

ஆன்டி தலை நிமிர்ந்தார். "ஷுவரா?"

"நூத்துக்கு நூறு!"

அமுதா போனில் ஏதோ தட்டினாள். மற்ற இருவர் போனும் சிணுங்கின. நான் ஆன்டியின் தோளுக்கு மேல் எட்டிப் படித்தேன்.

'ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல பேசுவார். ஆன்டி, கறிபாப்பைக் கொஞ்சம் கூடுதலாகப் போடுங்கள்.'