சகலைகளுக்கு நடுவே ஒரு விசில்

கழுத்தில் ஒரு விசிலை மாட்டிக்கொண்டால் எப்பேர்ப்பட்ட முட்டாளும் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடப்பான். இதை யாரிடமும் கேட்டுச் சொல்லவில்லை. நடந்து பார்த்துச் சொல்கிறேன்.

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. நியூ ஜெர்சியில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் மென்பொருளைச் சோதிக்கும் வேலை. அதாவது, அடுத்தவர் செய்ததில் தப்புக் கண்டுபிடிப்பது. பத்து வருடம் இந்த வேலையைச் செய்கிறவனுக்கு உலகத்தில் தன்னைத் தவிர எல்லாரிடமும் தப்பு இருப்பதாகத் தோன்ற ஆரம்பிக்கும். எனக்கு ஐந்தாவது வருடமே தோன்றிவிட்டது.

கால்பந்து நான் ஆடியதில்லை. பள்ளியில் ஒரே ஒருமுறை கோல்கீப்பராக நிறுத்தினார்கள். பந்து வந்தது, மரியாதையாக விலகி வழிவிட்டேன். அதோடு சரி. ஆனால் என் மகள் நிலா விளையாடிய குழந்தைகள் லீகில், பெற்றோர் ஆளுக்கு ஒரு வேலை செய்தாக வேண்டும் என்று விதி. விவரமானவர்கள் ஆரஞ்சுப் பழம் நறுக்கிக் கொண்டுவரும் வேலைக்குப் பெயர் கொடுத்தார்கள். நான் நடுவர் வேலைக்குக் கொடுத்தேன்.

ஆன்லைனில் ஒரு வகுப்பு. 'அடுத்து', 'அடுத்து' என்று அழுத்திக்கொண்டே போனதில் ஒரு மாலைக்குள் சான்றிதழ் வந்துவிட்டது. எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் ஆட்டத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் சான்றிதழ் அது. (அந்த வயதில் பதினான்கு பிள்ளைகளும் பந்தை மொய்த்துக்கொண்டு ஓடுவார்கள். நடுவரின் தலையாய கடமை, ஷூ லேஸ் கட்டிவிடுவது.) எனக்கு அது போதவில்லை. எங்கள் ஊர் நூலகத்தில் பழைய புத்தக விற்பனையில் கால்பந்து விதிகள் அடங்கிய புத்தகம் ஒன்றைக் கண்டெடுத்து, மூன்று நிறப் பென்சிலால் அடிக்கோடிட்டு மனப்பாடம் செய்தேன். அது எந்த வருடம் அச்சானது என்று பார்க்கத் தோன்றவில்லை. தப்புக் கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்பதை மறுபடி ஒருமுறை நினைவுபடுத்துகிறேன்.

என் அலுவலகத்தில் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்கிறவர் சால்வோ. ஐம்பது வயது. இத்தாலியைச் சேர்ந்த சிசிலித் தீவின் மேற்கு ஓரத்தில் இருக்கும் பலெர்மோ நகரத்துக்காரர். அவருடைய சகலை நீனோ, லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர், அதே தீவின் கிழக்கு ஓரத்துக் கத்தானியா நகரத்துக்காரர். அக்காவை ஒருவரும் தங்கையை ஒருவரும் கட்டியிருந்தார்கள். இரண்டு ஊருக்கும் தனித்தனிக் கால்பந்து அணி. பலெர்மோவுக்கு ரோஸ் நிறம், கத்தானியாவுக்குச் சிவப்பும் நீலமும். இந்த இரண்டு பேரும் அமெரிக்கக் குடியுரிமை வாங்கும்போது வலது கையைத் தூக்கிப் பழைய விசுவாசங்களை எல்லாம் துறந்தவர்கள்தான். ஊர் அணியை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை போலிருக்கிறது.

வருடத்துக்கு ஒருமுறை ஜூன் மாதத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை, பூங்கா மைதானத்தில் இரண்டு ஊர்க்காரர்களும் ஆடுவார்கள். எல்லாரும் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள். முழங்கால் உறை போடாத கால் ஒன்றுகூட இருக்காது. தோற்ற அணி, ஜெயித்த அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு மதியச் சாப்பாடு பரிமாற வேண்டும். சால்வோவின் அணி தொடர்ந்து மூன்று வருடமாகப் பரிமாறிக்கொண்டிருந்தது. கடைசி வருடம் தோற்றது ஒரு பெனால்டியால். அதைக் கொடுத்த நடுவர் நீனோவின் அக்கா மகன். அது பெனால்டியே இல்லை என்று சால்வோ சொல்ல, நீனோ ஆமென்று சொல்ல, பதினோரு மாதமாக இரண்டு பேருக்கும் பேச்சில்லை. கிறிஸ்துமஸ் சாப்பாட்டைக்கூட அக்காவும் தங்கையும் தனித்தனி வீட்டில் சமைத்தார்கள்.

இதையெல்லாம் சால்வோ எனக்கு அலுவலகச் சாப்பாட்டு அறையில் வைத்துச் சொன்னார். (அவர் பேசியது இத்தாலிய வாசனை அடிக்கும் ஆங்கிலம். வசதிக்காக நம் பேச்சில் தருகிறேன்.)

"இந்த வருஷம் பொதுவா ஒரு ரெஃப்ரி கெடைக்கலன்னா மேட்ச் கிடையாதுன்னு ரெண்டு சிஸ்டர்ஸும் சொல்லிட்டாங்க ரவி. இத்தாலிக்காரனே வேண்டாமாம்."

தயிர்சாதத்தை மூடி வைத்துவிட்டு நான் சொன்னேன்: "நான் சர்டிஃபைட் ரெஃப்ரி."

சால்வோ என்னை மேலும் கீழும் பார்த்தார். என் தொப்பையில் கொஞ்ச நேரம் கண் நின்றது. "நெஜமாவா? எந்த லெவல்?"

"யூத்," என்றேன். பொய் இல்லையே. ஏழு வயதும் இளமைதான்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி சுமதி மாவரைத்துக்கொண்டிருந்தாள். கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கோபிச்செட்டிபாளையத்துக்காரி, கோபத்திலும் மரியாதை குறையாது.

"ஏனுங்க, அவங்களே பதினோரு மாசமா பேசாம இருக்கறாங்க. நடுவுல நீங்க போயி என்னத்த பண்ணப் போறீங்க?"

"ரூல் தெரிஞ்ச ஒருத்தன் இல்லாததுதான் அங்க பிரச்சனையே."

"டாடி, ப்ளீஸ் டோன்ட்," என்றாள் நிலா. குழந்தைக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிறு, கறுப்புச் சட்டை, கறுப்பு அரைக்கால் சட்டை, முழங்கால் வரை கறுப்பு சாக்ஸ் என்று புதிதாக வாங்கிப் போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்கினேன். சுமதியும் நிலாவும் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டார்கள். மஞ்சள் அட்டை மேல் பையில், சிவப்பு அட்டை பின் பையில். ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு கேப்டன்களையும், அதாவது இரண்டு சகலைகளையும், அழைத்து ஒழுக்கத்தைப் பற்றிச் சிற்றுரை ஆற்றினேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பிறந்ததிலிருந்து கால்பந்து பார்க்கிறவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஷூ லேஸ் அவிழ்ந்த குழந்தைகளாகத்தான் பார்த்தேன்.

முதல் ஐந்து நிமிடத்தில் ஒன்பது முறை விசில் ஊதினேன். ஊதியதும் இருபத்திரண்டு பெரிய மனிதர்கள் நின்ற இடத்தில் நிற்கிறார்கள் என்பது என் தலைக்கு ஏறிவிட்டது. பலெர்மோ கோல்கீப்பர் ஒரு பந்தைத் தாவிப் பிடித்துவிட்டு வானத்தைப் பார்த்து உரக்க ஏதோ கத்தினார். கெட்ட வார்த்தை என்று முடிவுகட்டி மஞ்சள் அட்டை காட்டினேன். அவர் கூப்பிட்டது பலெர்மோவின் காவல் புனிதையை என்று பிறகு தெரிந்தது. சாமி கும்பிட்டதற்கு அட்டை வாங்கிய கோல்கீப்பர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ஆளுக்கு ஒரு கோல் ஆனது. அந்தக் கோல்களுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. இரண்டும் நான் மூச்சு வாங்கிக்கொண்டு மைதானத்தின் மறுகோடியில் நின்றபோது விழுந்தன. இரண்டாம் பாதியில் கத்தானியாக்காரர் ஒருவர் பக்கக் கோட்டிலிருந்து பந்தைக் கையால் எறிய, நீனோ அதை நெஞ்சில் வாங்கி வலைக்குள் அடித்தார். அழகான கோல். நான் விசில் ஊதி, எதிரணியினரைத் தாண்டி முன்னாலேயே நின்றதாகச் சொல்லி ஆஃப்சைடு கொடுத்தேன்.

நீனோ பொறுமையாக வந்தார். "சார், த்ரோவுல ஆஃப்சைடு கிடையாது."

உண்மையிலேயே கிடையாது. என் பழைய புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது; பச்சைப் பென்சிலால் அடிக்கோடுகூட இட்டிருக்கிறேன். ஆனால் விசில் ஊதியாகிவிட்டது. ஊதிய விசிலை எப்படித் திரும்ப உள்ளே இழுப்பது? எதிர்த்துப் பேசியதற்காக அவருக்கும் மஞ்சள் அட்டை காட்டினேன். அந்தப் பக்கம் ஓர் அநியாயம், இந்தப் பக்கம் ஓர் அநியாயம். இதற்குப் பெயர்தான் நடுநிலை என்று எனக்குள் சொல்லிக்கொண்டது இப்போதும் நினைவிருக்கிறது.

முடிய இரண்டு நிமிடம் இருந்தது. சால்வோ தூரத்திலிருந்து ஓர் உதை விட்டார். கோலுக்கும் அந்தப் பந்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மூலைக் கொடியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. குறுக்கே நான் ஓடிக்கொண்டிருந்தேன். பந்து என் பின்பக்கத்தில், சரியாகச் சொன்னால் சிவப்பு அட்டை இருந்த பையின் மேலேயே, பளீரென்று பட்டுத் திரும்பி வலைக்குள் போனது.

வலியில் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனாலும் மனப்பாடம் செய்த வரி கைகொடுத்தது. விசில் ஊதி, மார்பை நிமிர்த்தி, மைதானத்தின் நடுப்புள்ளியைக் கையால் காட்டினேன். கோல்.

ஒருவர்கூடக் கொண்டாடவில்லை. ரோஸ் சட்டையும் சிவப்பு நீலச் சட்டையும் ஒரே நேரத்தில் இரண்டு ஆள்காட்டி விரலையும் தூக்கிக் காற்றில் செவ்வகம் வரைந்தன. டிவியில் பார்த்திருப்பீர்கள், வீடியோவைப் போட்டுப் பார் என்று அர்த்தம்.

"ரெஃப்ரி மேல பட்டா ஆட்டம் நிக்காது," என்று அறிவித்தேன். "ரெஃப்ரிங்கிறவர் மைதானத்துல ஒரு பகுதி. கோல் கம்பம் மாதிரி."

சால்வோ என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார். "ரவி, அந்த ரூலை மாத்தியே சில வருஷம் ஆச்சு. ரெஃப்ரி மேல பட்டு உள்ள போனா கோல் இல்ல. ட்ராப் பால், ரெஃப்ரி பந்தைக் கீழ போட்டு மறுபடி ஆட்டத்தை ஆரம்பிக்கணும்."

மூன்று வருடமாக அடுத்தவன் சட்டையைப் போட்டுப் பரிமாறியவர். கிடைத்த வெற்றியை வேண்டாம் என்கிறார். எனக்குப் புரியவே இல்லை. அதைவிடப் புரியாதது நீனோ செய்தது. அவர் நடுவில் வந்து, பதினோரு மாதத்துக்குப் பிறகு முதன்முறையாகச் சகலையின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"ரெஃப்ரி குடுத்துட்டாருல்ல, எடுத்துக்க. கோல்தான்."

"எனக்கு வேண்டாம்."

"எடுத்துக்கன்னு சொல்றேன். போன வருஷம் அது பெனால்டி இல்ல. எங்க ஆளு தானா விழுந்தான். எனக்கு அப்பவே தெரியும்."

சால்வோ குனிந்து முழங்கால் உறையை இழுத்துவிட்டுக்கொண்டே, "உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்," என்றார். "அதுக்காக இப்படியா? இவர் பின்பக்கத்தை வெச்சு உன்னை ஜெயிச்சேன்னு ஊர்ல எப்படிச் சொல்லுவேன்?"

"நான் கோல்னு சொல்றேன்."

"இல்லன்னு நான் சொல்றேன்."

சுற்றி நின்ற இருபது பேரும் மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினோரு மாதக் கோபம் அவர்கள் கண் முன்னால் கரைந்துகொண்டிருந்தது. கோட்டுக்கு வெளியே அக்காவும் தங்கையும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அறிவுள்ள எவனும் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு சும்மா நின்றிருப்பான்.

நான் பின் பையில் கைவிட்டு, கொஞ்சம் மடங்கிப்போயிருந்த சிவப்பு அட்டையை எடுத்து, இரண்டு பேருக்கும் சேர்த்துக் காட்டினேன். மைதானத்தில் வாக்குவாதம் செய்த குற்றம்.

அப்போது கோட்டைத் தாண்டி சுமதி வந்தாள். எனக்கு ஆதரவாக வருகிறாள் என்று நினைத்தேன். அவள் போனை நேராகச் சால்வோவிடம் நீட்டினாள். ஊருக்கு அனுப்புவதற்காக அதுவரை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாளாம். இருபத்திரண்டு தலைகளும் அந்தச் சின்னத் திரைக்கு மேல் கூடின. பந்து படுகிறது, நான் தவளை மாதிரி துள்ளுகிறேன், உடனே மகாராஜா மாதிரி கையை நீட்டுகிறேன். முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டி ஏழு முறை பார்த்தார்கள். ஐந்தாவது முறைக்கு மேல் நீனோ சால்வோவின் தோளில் சாய்ந்து அழுதுகொண்டே சிரித்தார். அட்டை வாங்கிய கோல்கீப்பர் மறுபடியும் புனிதையைக் கூப்பிட்டார்.

கடைசியில் நீனோதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். என் கையிலிருந்த சிவப்பு அட்டையை மெதுவாக எடுத்து, என் சட்டைப் பையிலேயே வைத்து, பையையும் ஒருமுறை தட்டிக்கொடுத்தார். "சார், நீங்க போயி நெழல்ல உக்காருங்க. தண்ணி குடிங்க."

மீதி ஆட்டத்தை நடுவர் இல்லாமலே ஆடினார்கள். ஒருவர் கீழே விழுந்தால் தள்ளியவரே கையைத் தூக்கி, "என் தப்பு," என்றார். இரண்டு நிமிடம் பத்து நிமிடமாக நீண்டது. ஒரு சண்டையும் வரவில்லை. ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்து, இரண்டு அணியும் சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு ஒருவருக்கொருவர் பரிமாறின. எனக்கும் ஒரு தட்டு வந்தது. உட்காரத்தான் முடியவில்லை, நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் சால்வோ எனக்காகக் காபி போட்டு வைத்திருந்தார். "பெரிய உதவி பண்ணிட்டே ரவி. ரெண்டு ஊருக்கும் பொதுவா ஒரு எதிரி இல்லாமத்தான் இத்தன நாள் கஷ்டப்பட்டோம்," என்றார். கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். மனப்பூர்வமாகத்தான் சொல்லியிருந்தார். அது கேலியைவிட வலித்தது.

ஆனால் சுமதி அந்த வீடியோவை மைதானத்திலிருந்தே குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பியிருந்தாள். கோபியில் இருக்கும் என் மாமனாருக்குக் கால்பந்தில் தெரிந்தது ஒன்றே ஒன்று: பந்து வலைக்குள் போனால் கோல். கடைசியாக யார்மேல் பட்டுப் போகிறதோ அவர் போட்ட கோல். கறுப்புச் சட்டை தனி அணி போலும் என்று அவரே முடிவு செய்துகொண்டார். எத்தனை முறை விளக்கினாலும், "மாப்பிள்ளைக்குத் தன்னடக்கம்," என்று விட்டார்.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது ஒரு கல்யாண மண்டபத்தில், ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவரிடம் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். சுமதி பின்னாலேயே வந்தாள்.

"இவருதானுங்க நம்ம மாப்பிள்ளை. அமெரிக்காவுல இத்தாலிக்காரங்களுக்கு எதிரா நின்னு கோல் போட்டவரு. முப்பதடி தூரத்துல இருந்து."

அந்தப் பெரியவர் எழுந்து நின்று என் கையைப் பற்றிக்கொண்டார். அவர் கண்ணில் உண்மையான மதிப்பு தெரிந்தது.

"ரொம்பச் சந்தோசமுங்க தம்பி. எந்தக் கால்லீங்க போட்டீங்க, வலதா, இடதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து சுமதி பணிவாகச் சொன்னாள்.

"ரெண்டும் இல்லீங்க சார்."