புழு சர்தார் வீட்டு நடுச்சுவர்

இந்த மொரீஸ் தீவிலே வயிற்றுக்காகக் கத்தரிச்செடி போட்டவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். புழுவுக்காகக் கத்தரிச்செடி போட்ட மகான் ஒருவர்தான். அவர் எங்கள் புழு சர்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். அவர் வீட்டிலேயே குடியிருந்த எனக்கே அது தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கங்காணியை இங்கே சர்தார் என்போம். மாயெபூருக்குப் பக்கத்தில் ஒரு கரும்புத் தோட்டத்தில் கூலிக்கூட்டத்தை மேய்த்தவர். முதலாளி தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது தானும் ஒரு துண்டு வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிட்டார். பாதி நிலத்தில் கரும்பு, பாதியில் கத்தரி. கரும்பு ஆலைக்குப் போயிற்று. கத்தரிக்காய் சந்தைக்குப் போகும் என்று அவர் சம்சாரம் பச்சையம்மா அக்கா நம்பிக்கொண்டிருந்தாள். செடியில் இலையே மிஞ்சவில்லை, காய்க்கு எங்கே போவது?

இலையைத் தின்றது விரல் தடிமனில், மஞ்சளும் பச்சையுமாக, வாலில் வளைந்த கொம்போடு ஒரு புழு. அது அந்துப்பூச்சியாகும்போது முதுகில் மண்டையோடு மாதிரி ஓர் அச்சு விழும். கையில் பிடித்தால் கீச்சென்று கத்தும். ஊரில் அதற்குச் சாவுப்பூச்சி என்று பெயர். வீட்டுக்குள் வந்தால் ஒரு ஆள் குறையும், இறக்கைத் தூள் பட்டால் கண் போகும் என்று தெருவே நம்பியது. நானும் நம்பினேன், பொய் சொல்வானேன்! அதைத்தான் மனுஷர் பிஸ்கட் டின்னில் வைத்துச் சீராட்டினார்.

நான் அப்போது ஆலையில் கரும்பு வண்டி நிறுக்கும் இடத்தில் குமாஸ்தா. அவர் வீட்டு ஒட்டு அறையில் வாடகைக்கு இருந்தேன், சாப்பாடும் அங்கேதான். காலையில் என்னை எழுப்பியது சேவல் அல்ல. சர்தார் ஆள் கூப்பிடும் சத்தம்.

“எல்லாம் வந்தாச்சா? டேய் கொம்பா, நேத்து வெச்ச எலை அப்படியே கெடக்கு. ஒடம்புக்கு முடியலையா, இல்ல சோம்பேறித்தனமா?”

புழு என்ன பதில் சொல்லும்? அவரே குனிந்து பார்த்துச் சமாதானமாவார். “ஓஹோ, தோலுரிக்கப் போறியா? சரி, இன்னிக்கு லீவு எடுத்துக்க.”

கூலி ஆட்களுக்கு அவர் இவ்வளவு சுலபமாக லீவு கொடுத்ததே இல்லையாம். பழைய ஆட்கள் வயிறெரிந்து சொல்வார்கள்.

ஒரு நாள் சீனாக்காரர் கடைக்குக் கருவாடு வாங்கப் போனார். அன்று காலையில் கூட்டிலிருந்து வந்த பூச்சி ஒன்று அவர் தலைப்பாகை மடிப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. காசு கொடுக்கத் தலையைக் குனிந்தாரோ இல்லையோ, கீச்! “பாப்பியோன் லாமோர்!” என்று யாரோ கிரியோலில் அலறினார்கள். அதுவும் சாவுப்பூச்சிதான், பாஷைதான் வேறு. ரம் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பையைப் போட்டுவிட்டு ஓட, கடைக்காரர் அரிசி மூட்டைமேல் ஏறி நின்றுகொண்டார்.

சர்தார் நிதானமாகச் சொன்னார்: “ஏன்யா ஓடறீங்க? இதுக்குக் கத்தத்தான் தெரியும், வேற ஒண்ணும் தெரியாது. எங்க வீட்டுக்காரி மாதிரின்னு வெச்சுக்குங்களேன்.”

கருவாடு வீட்டுக்கு வருவதற்குள் இந்தப் பேச்சு வந்து சேர்ந்துவிட்டது. அன்று கருவாட்டுக் குழம்பு முழுவதும் எனக்குத்தான். சர்தாருக்குப் பச்சைத் தண்ணீர்.

பச்சையம்மா அக்காவுக்குப் புழுவைவிடப் பெரிய எதிரி நடுச்சுவர். புழுவின் சரித்திரம் முழுவதையும் சர்தார் அந்தச் சுவரில்தான் பதிந்துவைத்திருந்தார். எழுத்து அவருக்கு வராது, படம் வரும். கரியும் மஞ்சளும் செங்கல் தூளும் இலைச்சாறும்தான் வர்ணம். இலையடியில் முட்டை, நூல் மாதிரி குஞ்சுப்புழு, ஒவ்வொரு தோல் உரித்தபின்னும் அதன் நிறம், கொம்பின் வளைவு, அப்புறம் பழுப்பு நிறத்தில் கூட்டுப்புழு, கடைசியில் மண்டையோட்டுப் பூச்சி, அதிலிருந்து மறுபடி முட்டை. எல்லாம் ஒரு பெரிய வட்டமாகச் சுவரைச் சுற்றி வரும். அந்த வட்டத்தில் ஓர் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

காரணம் இதுதான். முற்றின புழு மண்ணுக்குள் இறங்கிவிடும். தோண்டினால் ஒன்று புழுவாகவே இருக்கும், இல்லாவிட்டால் கூட்டுப்புழுவாகியிருக்கும். புழு எப்படிக் கூட்டுப்புழுவாக மாறுகிறது என்பதை அவர் பார்த்ததே இல்லை. அரைகுறையில் தோண்டி எடுத்தவை செத்துப்போயின. அப்படி ஒன்று செத்த அன்று மனுஷர் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பார்.

“பொறக்கறதைப் பாத்தேன், பறக்கறதைப் பாத்தேன், தம்பி. நடுவுல அது மண்ணுக்குள்ள என்ன பாடு படுதுன்னு மட்டும் தெரியாம நான் சாவக்கூடாது” என்பார்.

அந்தத் தை மாதம் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. கண்ணாடிப் பெட்டி செய்து, அதில் ஈரமண் போட்டுப் புழுவை விட்டால், கண்ணாடி ஓரமாக அது குழி பறிக்குமே, உள்ளே நடப்பதைப் பார்க்கலாமே! நல்ல யோசனைதான். கண்ணாடிக்கு எங்கே போவது? பூஜை மாடத்தில் முருகன் படம் இருந்தது. கழற்றிவிட்டார்.

மறுநாள் விளக்கேற்றப் போன அக்கா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

“சாமிக்குப் போட்ட கண்ணாடியப் புழுவுக்குப் போட்டிருக்கியே, நீ நல்லா இருப்பியா?”

“முருகன் கோவணத்தோட மலைமேல நிக்கறவரு, புள்ள. அவருக்குக் கண்ணாடி எதுக்கு?”

“நல்லாக் கேட்டுக்க. காவடிக்குக் கொடியேத்தறதுக்குள்ள வீடு சுத்தமாவணும். முந்தின நாள் நான் சுண்ணாம்பு அடிக்கப் போறேன். நடுச்சுவருக்கும் சேத்துத்தான்! இல்லேன்னா எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்.”

சர்தாருக்கு முகம் செத்துப்போயிற்று. “அந்த ஒரு எடம் ரொம்பட்டும். அப்புறம் நீ அடிச்சுக்க. முழுசாத் தெரிஞ்சிட்டா எனக்குச் சுவரு வேண்டாம்” என்று கெஞ்சினார். அக்கா அன்றே கடைக்குப் போனாள். சுண்ணாம்பு வாங்கி ஊறப்போட்டாள்.

அந்த வருஷம் குளவியும் எறும்பும் போக மிஞ்சியது ஒரே ஒரு புழு. அது கண்ணாடிப் பெட்டிக்குள் இறங்கியது. சொல்லிவைத்த மாதிரி கண்ணாடி ஓரத்திலேயே குழி செய்துகொண்டு சுருண்டு படுத்தது. வெளிச்சம் ஆகாது என்று சர்தார் பழைய சேலைத் துணியால் திரை போட்டார். அவ்வப்போது தூக்கிப் பார்ப்பார். கோயில் மாதிரி நாங்களும் போய்த் தரிசனம் செய்துவிட்டு வருவோம். புழு அசையவில்லை. கொடியேற்றம் மட்டும் நெருங்கிக்கொண்டே வந்தது.

முந்தின நாளும் வந்தது. அன்று பார்த்துச் சர்தாரைக் குளிர்காய்ச்சல் தூக்கிப் போட்டது. பெட்டிக்குப் பக்கத்திலேயே பாயைப் போட்டுப் படுத்தவர், மத்தியானத்துக்குள் நினைவு தப்பிப் பழைய கூலிக்கூட்டத்தை ஆள் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். நான் மாயெபூருக்கு ஓடிக் காய்ச்சலுக்குக் கொயினா மருந்து வாங்கிக்கொண்டு திரும்பினால், வாசலில் கூட்டம். எதிர்வீட்டு வீராசாமி கையில் கடப்பாரை.

“நாங்க அப்பவே சொன்னோமில்ல? சாவுப்பூச்சி வேலையக் காட்டிடுச்சு. வழியை விடு அக்கா, அந்தப் பெட்டிய ஒடைச்சாத்தான் மனுஷன் பொழைப்பாரு.”

அக்கா கையில் சுண்ணாம்பு மட்டையோடு நிலைப்படியை அடைத்துக்கொண்டு நின்றாள். நான்கூட நினைத்தேன், அவளே வழிவிட்டுவிடுவாள் என்று.

“ஒடைப்பியா? ஒடைடா பாப்போம்! என் வீட்டுப் புழுவை நான் திட்டுவேன், நான் சபிப்பேன். வேற ஒருத்தன் கை வெச்சான், மூஞ்சில சுண்ணாம்பு அடிச்சிடுவேன்!”

வீராசாமி கடப்பாரையோடு போன வழியே திரும்பினான். அக்கா உள்ளே வந்து, கொயினாவைச் சர்தார் வாயில் ஊற்றிவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆத்திரம் தாங்காமல் திரையை இழுத்துப் புழுவைப் பார்த்து ஏசினாள்: “ஏன்டா, உன்னைப் பாக்கணும்னு தவங்கெடந்த மனுஷன் இப்படிக் கெடக்கறாரு. நீ தூங்கறியா?”

அதற்கு ரோஷம் வந்ததோ என்னவோ, புழுவின் உடம்பு நெளிந்தது.

“தம்பி, ஓடியா! முதுகு பொளக்குது!”

நான் பென்சிலைத் தேடி எடுத்தேன். வரைந்து பார்த்தேன். கோடு எங்கெங்கோ போயிற்று. “தள்ளு அப்பால! கோலம் போடற கைக்கு இது பெரிய வித்தையா?” என்று அக்கா அடுப்புக்கரியை எடுத்துக்கொண்டு சுவருக்குப் போனாள். பார்ப்பாள், ஓடுவாள், வரைவாள், மறுபடி ஓடிவந்து பார்ப்பாள். புழுவின் தோல் சுருங்கிச் சுருங்கி வால்பக்கம் நகர, உள்ளேயிருந்து வெளுத்த பச்சையில், ஈரமாக, ஒன்று வெளியே வந்தது. “ஐயோ பாவம், தனியாக் கெடந்து எம்மாம் கஷ்டப்படுது பாரு” என்று அக்கா பிரசவம் பார்க்கிறவள் போல் பதறினாள்.

வெயில் தாழும்போது சர்தாருக்கு வேர்த்துக் கொட்டி நினைவு வந்தது. முதலில் பெட்டியைப் பார்த்தார். கூட்டுப்புழு. எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரிந்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“பெட்டிய ஏன் பாக்கறே? சுவரப் பாரு” என்றாள் அக்கா.

பார்த்தார். வெறுமையாக இருந்த இடம் நிறைந்திருந்தது. “நீயா பாத்தே?”

“நான்தான் பாத்தேன், இந்தக் கண்றாவியை.” அப்புறம் ஒன்று விடாமல் சொன்னாள். முதுகு எங்கே பிளந்தது, தோல் எப்படிப் போயிற்று, கொம்பு என்னவாயிற்று என்று. இவர் கேட்கக் கேட்க அவள் சொன்னாள். மனுஷர் கல்யாணப்பெண்ணைப் பார்க்கிற மாதிரி அவளையே பார்த்துக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே, “கொம்பு கொஞ்சம் பெருசாப் போச்சு, புள்ள” என்றார். அக்கா விசிறியால் ஒன்று வைத்தாள்.

பிறகு அவர், “வாக்கு வாக்குதான். சுண்ணாம்பு அடிச்சுக்க” என்று சுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அக்கா அடித்தாள். அடுக்களை, முன்கட்டு, பக்கச்சுவர்கள் எல்லாம் பளிச்சென்று ஆயின. நடுச்சுவர் மட்டும் அப்படியே நின்றது.

“அக்கா, இந்தச் சுவரு?”

“சுண்ணாம்பு தீந்துபோச்சு, தம்பி. அடுத்த வருஷம் பாக்கலாம்” என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

பின்கட்டில் போய்ப் பார்த்தேன். வாளி நிறையச் சுண்ணாம்பு இருந்தது. சர்தார் எழுந்து வந்து பார்ப்பதற்குள், அவ்வளவையும் எடுத்துக்கொண்டுபோய் என் அறைச் சுவருக்கு இரண்டு பூச்சு, கூரைக்கு ஒரு பூச்சு அடித்துத் தீர்த்தேன். காவடி விரதத்துக்கு முந்தின நாளும் அதுவுமாக எங்கள் அக்கா பொய் சொன்னதாக ஆகிவிடக் கூடாது, பாருங்கள்.