தாமலுக்குப் போன மைக் கார்

எதையாவது புதிதாகக் கற்றுக்கொண்டு வந்தவனிடம் அவசர வேலையைக் கொடுக்கக் கூடாது. ஒன்றும் தெரியாதவன் பயந்து பயந்து எப்படியோ செய்து முடித்துவிடுவான். நன்றாகத் தெரிந்தவனும் முடித்துவிடுவான். போன மாதம் கற்றுக்கொண்டவன் மட்டும் முடிக்க மாட்டான். அவன் எல்லாவற்றையும் முறைப்படி செய்வான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் அப்படி ஒருவன் இருந்தான். சென்னையில் ரேடியோ ரிப்பேர் படித்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தான். சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் குத்தியிருக்கும். (சாப்பிடும்போதும். பெண் பார்க்கப் போனபோதும்.) அவனை வேறு யாரோ போலச் சொல்லிப் பார்க்கிறேன், முடியவில்லை. நான்தான்.

என் அக்கா வீட்டுக்காரர் மைக் செட் கடை வைத்திருந்தார். அவரிடம் ஒரு பழைய கார் உண்டு. கூரைமேல் முன்பக்கம் ஒரு குழாய் ஸ்பீக்கர், பின்பக்கம் ஒன்று, இரண்டும் கயிற்றால் கட்டப்பட்டிருக்கும். பின் சீட்டில் ஆம்ப்ளிஃபயர். கார் பேட்டரியிலிருந்து அதற்கு ஒயர் போகும். சினிமாக் கொட்டகை விளம்பரம், கட்சிக் கூட்டம், சாவு அறிவிப்பு எல்லாம் அதில்தான். மாமா மைக்கை எடுத்து "அலோ, அலோ" என்பார், திருகை இஷ்டத்துக்குத் திருப்புவார், அது ஊளையிடும், கொஞ்சம் குறைப்பார். அவ்வளவுதான் அவருடைய விஞ்ஞானம். வாரத்துக்கு ஒரு தரம் குழாய்க்குள் இருந்து சத்தம் எழுப்பும் யூனிட் எரிந்துபோகும். அதற்கு அவர் கம்பெனியைத் திட்டுவார்.

இதை நான் திருத்தினேன். ஒரு சோப்பு டப்பாவுக்குள் சின்ன சர்க்யூட் ஒன்று செய்தேன். அதிலிருந்து ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே சீராக 'ஊ' என்று ஒரு சத்தம் வரும். டெஸ்ட் டோன். அதை ஆம்ப்ளிஃபயருக்குள் கொடுத்து, சத்தத்தைக் கூட்டுகிற கெய்ன் திருகை மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். ஒரு கட்டத்தில் சுத்தமான 'ஊ' கெட்டுக் கரகரக்கும். அந்த இடத்திலிருந்து கொஞ்சம் பின்னால் வந்து நிறுத்த வேண்டும். அதற்கு மேல் போனால் பேச்சு புரியாது, யூனிட்டும் எரியும். படிப்பில் தப்பில்லை. இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறார்கள்.

எங்கள் கடை இருந்தது தறிக்காரத் தெருவில். கடை வாசலில் காரை நிறுத்தி டோனை வைத்தேன். ஏற்றினேன். கரகரக்கவில்லை. இன்னும் ஏற்றினேன். இல்லை. ஏறக்குறைய முழுசும் ஏற்றிய பிறகுதான் லேசாகக் கரகரத்தது. ஆகா, நம் ஆம்ப்ளிஃபயருக்கு இத்தனை சக்தியா என்று பூரித்துப்போனேன். மாமாவின் கை மறுபடி அதன்மேல் படக் கூடாதென்று திருகின் தலையைக் கழற்றிவிட்டு, தண்டின்மேல் அரக்கை உருக்கி ஊற்றி சீல் வைத்தேன்.

தெருவின் இரண்டு பக்கமும் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தடதடப்பில் எந்தக் கரகரப்பும் மூழ்கிப்போகும். எனக்கு அது தோன்றவே இல்லை. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம், எனக்கு அது சத்தமே இல்லை. யாராவது கேட்டிருந்தால் தெரு அமைதியாக இருந்தது என்று சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்திருப்பேன்.

மறுநாள் காலை சின்ன காஞ்சிபுரத்தில் முனுசாமி இறந்துபோனார். எங்களுக்குத் தூரத்து உறவு, நல்ல நெசவாளி. அவர் தெருவில் எல்லாத் தறியும் நின்றிருந்தது. மூத்த மகன் தணிகாசலம் எங்களைத் தனியாக அழைத்துப் போனார்.

"தாமல்ல எங்க சித்தப்பா இருக்காரு. ஏகாம்பரம். எங்கப்பா அவரு பேரைச் சொல்லிக்கினேதான் போனாரு. அவரு வந்து மொகம் பாக்கணும். நாலு மணிக்குத் தூக்குறோம்."

"ஆள் அனுப்பிடலாமே" என்றார் மாமா.

"ஆள்லாம் அனுப்ப மாட்டேன். என் கல்யாணத்துக்கு வராத மனுசன்."

அந்தக் கதை எங்களுக்கும் தெரியும். தணிகாசலத்தின் கல்யாணத்துக்குத் தாமலுக்கு நேரில் போய்த் தட்டு வைத்து அழைக்காமல், பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டார்கள். கூடப் பிறந்தவனுக்குத் தபாலா என்று ஏகாம்பரம் வரவில்லை. பத்திரிகை போயும் வரவில்லையே என்று இவர்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அதோடு அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவே இல்லை. (எங்கள் பக்கத்துச் சண்டைகள் பெரும்பாலும் இந்த அளவுதான். ஆயுசு மட்டும் ஜாஸ்தி.)

தணிகாசலமே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். "மைக்ல சொல்லுங்க. ஊருக்குப் பொதுவா சொன்ன மாதிரி இருக்கும், அவரு காதுலயும் உழும். வாயால மட்டும் யாருகிட்டயும் சொல்லாதீங்க. நான் ஆள் உட்டேன்னு ஆயிடும்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "வந்துடுவாரு இல்ல?" அழக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"கவலைப்படாதீங்கண்ணா, டோன் வெச்சி செட் பண்ணியிருக்குது" என்றேன். அவருக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று தெரியவில்லை.

மாமா கார் ஓட்ட, ஒரு மணி வாக்கில் தாமல் போய்ச் சேர்ந்தோம். ஏரியில் தண்ணீர் நிறைந்திருந்தது. வெயிலில் ஊரே அடங்கிக் கிடந்தது, ஒரு மாடு அசைபோடுவதுகூடக் கேட்கும்போல. நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு மைக்கைப் பிடித்து "துக்கச் செய்தி" என்றேன்.

கூரையிலிருந்து வந்தது மனிதக் குரலே இல்லை. மாவு மிஷினில் தகரத்தை விட்டு அரைக்கிற மாதிரி ஒரு சத்தம். வேப்பமரத்திலிருந்த காக்கையெல்லாம் எழுந்து பறந்தது. நாய்கள் குரைத்தன.

"மச்சான், கொஞ்சம் கம்மி பண்ணு."

"முடியாது மாமா. சீல் வெச்சிருக்குது."

"சீலை ஒடைடா."

"முறைப்படி செட் பண்ணது மாமா. காத்து அடிக்குது, அதான் இப்படி." (ஒரு இலை ஆடவில்லை.)

காற்றை ஜெயிக்கிற வேகத்தில் இன்னும் உரக்கச் சொன்னேன். முன்பக்கக் குழாய் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. பின்பக்கக் குழாய் நான் "சின்ன காஞ்சிபுரம்" என்று முடிப்பதற்குள் போய்விட்டது. காருக்குள் எரிந்த வாசனை வந்தது. மாமா காரை நிறுத்தினார். இரண்டு யூனிட்டும் ஒரே நிமிஷத்தில் எரிந்தது அவருடைய சரித்திரத்திலும் கிடையாது.

டீக்கடையிலிருந்து ஆட்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னாப்பா விக்கிறீங்க?"

"தேள் கடி மருந்தா?"

மாமா என் காதருகே வந்து, "வாயால சொல்லிட்டுப் போயிடலாம்டா" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தணிகாசலம் சொன்ன நிபந்தனை இருக்கிறது. அதைவிட, டோன் வைத்து செட் செய்தவன் கடைசியில் கத்திச் சொல்லிவிட்டு வந்தான் என்று நாளைக்குக் கடைத்தெருவில் சிரிப்பார்கள். யூனிட்டைப் பிரித்துச் சரிசெய்கிறேன் என்றேன். மாமா தலையில் அடித்துக்கொண்டு, மெயின் ரோட்டில் தெரிந்தவரிடம் வேறு யூனிட் கிடைக்குமா என்று கேட்கப் போனார்.

குழாயை இறக்கி வேப்பமரத்து நிழலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது உருண்டுகொண்டே இருந்தது. கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து எதிரில் குந்தி, இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துக்கொண்டார். தலையில் துண்டு, காலெல்லாம் சேறு. வயலிலிருந்து நேராக வந்திருந்தார்.

"இப்படிப் புடிச்சா போதுமாப்பா?"

"இன்னும் கொஞ்சம் சாய்ச்சிப் புடிங்க."

சாய்த்துப் பிடித்தார். நான் ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். கருகிப்போன காயிலின் ஒயர், தலைமுடியைவிட மெல்லிசு, அதை நகத்தால் சுரண்டி ஒட்டவைக்கப் பார்த்தேன். ஒட்டும், மூச்சு விட்டால் விலகும்.

"இன்னா சேதி சொல்ல வந்தீங்க?"

"கொஞ்சம் இருங்க பெரியவரே, மைக்ல சொல்றேன்."

சரியென்று தலையாட்டினார். இடையில் எனக்கு டீ வாங்கி வரச் சொன்னார். அது வந்ததும், என் கை அழுக்காக இருக்கிறதென்று டம்ளரை அவரே எடுத்துக் கொடுத்தார். ஒரு மணி நேரம் போயிற்று. அதற்கு மேலும் போயிற்று. வேடிக்கை பார்த்தவர்கள் கலைந்துவிட்டார்கள். அவர் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை.

மாமா வெறுங்கையோடு திரும்பி வருவது தூரத்தில் தெரிந்தது. நிழல் நீண்டுவிட்டிருந்தது. அப்போதுதான் என் மண்டையில் மணி உறைத்தது.

"பெரியவரே, இந்த ஊர்ல ஏகாம்பரம்னு ஒருத்தரு..."

"நாந்தாம்பா ஏகாம்பரம்."

ஒரு மணி நேரத்துக்கு மேலாக அந்த மனிதருடைய முகத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். அவர் என்னைப் பார்த்தார், காரில் காஞ்சிபுரம் என்று எழுதியிருந்ததைப் பார்த்தார், பிறகு குழாயை உருளாதபடி ஒரு கல்லை முட்டுக் கொடுத்து வைத்தார். தலைத் துண்டை அவிழ்த்துக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணனா?"

தலையாட்டினேன்.

"எப்பத் தூக்குறாங்க?"

"நாலு மணிக்கு."

"அப்போ ஏம்பா ஒக்காந்திருக்கோம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் ஓங்கி அறைந்திருக்கலாம் என்று பின்னால் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

மாமா காரை விரட்டினார். ஆனால் ஊர்ப் பெரியவர்கள் இருட்டுவதற்குள் எல்லாம் முடிய வேண்டுமென்று நாலு மணிக்கு முன்னாலேயே தூக்கிவிட்டிருந்தார்கள். தெருவில் பூ இறைந்து கிடந்தது. சுடுகாட்டுக்கு ஓடினோம். விறகு அடுக்கி, முகத்தின்மேல் வரட்டி வைத்து மூடியாகிவிட்டது. தணிகாசலம் கொள்ளிக்குடத்தோடு நின்றிருந்தார்.

"ஒருவாட்டி மொகத்தைக் காட்டுங்கப்பா" என்றார் ஏகாம்பரம்.

மூடின முகத்தைத் திறக்கும் வழக்கம் இல்லை என்றார்கள். அவர் மறுத்துப் பேசவில்லை. கால்மாட்டில் மட்டும் இன்னும் வரட்டி வைக்கவில்லை. அங்கே போய், காலம் முழுக்கத் தறிக்குழியில் மிதித்துக் காய்த்துப்போன அந்த இரண்டு காலையும் பிடித்துக்கொண்டார். தாமலில் குழாயைப் பிடித்த அதே பிடி. என்னால் பார்க்க முடியவில்லை.

பிறகு எழுந்து தணிகாசலத்திடம் வந்தார்.

"கல்யாணத்துக்குத்தான் ஆள் வரல. இதுக்காவது ஆள் அனுப்புனியேப்பா. அது போதும்."

தணிகாசலம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஆள் அனுப்ப மாட்டேன் என்று காலையில் அத்தனை பிடிவாதம் பிடித்தவர், "ஆமா சித்தப்பா, நாந்தான் அனுப்புனேன்" என்று சொல்லிவிட்டு, அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அழுதார்.

அந்த இரண்டு குடும்பமும் அதற்குப் பிறகு ஒன்றாகிவிட்டது. என் முட்டாள்தனத்தால்தான் சேர்ந்தார்கள் என்று மாமா பல கல்யாணப் பந்தியில் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறார். பந்தியில் சொல்லும்போது சுடுகாட்டை விட்டுவிடுவார். டீ டம்ளரோடு கதை முடிந்துவிடும். எங்கள் வீட்டில் யார் எதைச் சுற்றி வளைத்துப் பேசினாலும், "டோன் வெச்சது போதும், வாயால சொல்லு" என்பார்கள். என் மனைவி இதைக் கல்யாணமான முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டாள்.

போன வருஷம் எனக்குக் காது மந்தமாகிவிட்டது. என் மகள் காது டாக்டரிடம் அழைத்துப் போனாள். ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சு. காதில் ஹெட்போன் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள் என்றாள் அங்கிருந்த பெண்.

'ஊ' என்று வந்தது. ஏற்ற இறக்கமில்லாத, சுத்தமான டோன். தறிச் சத்தம் எதுவும் இல்லாத இடத்தில் அதை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். வேப்பமரத்து நிழலும், குழாயைச் சாய்த்துப் பிடித்திருந்த கைகளும் வந்துவிட்டன. கையைத் தூக்கத் தோன்றவில்லை.

"இவருக்கு இந்தச் சத்தம் கேட்கவே இல்லைங்க" என்றாள் அந்தப் பெண், மகளிடம்.

"நல்லா கேட்டிருக்கும்" என்றாள் என் மகள். "எங்கப்பா ஒரு மணி நேரம் கழிச்சுதான் சொல்வாரு."