மூச்சு சாரின் ஒரே ஒரு சிலிண்டர்

மனிதர்கள் மூச்சு விடுவதைத் தனக்குச் செய்யும் துரோகமாக எடுத்துக்கொண்ட ஒரே ஆள் இந்தப் பூமியில் எங்கள் மூச்சு சார்தான். மூச்சை உள்ளே இழுப்பதில் அவருக்கு ஆட்சேபம் கிடையாது. வெளியே விடும்போதுதான் தகராறு.

கடலூர் செம்மண்டலத்தில் ஒரு வீட்டின் மாடியில் எங்கள் ஆபீஸ். நேரமாகிவிட்டதே என்று யாராவது படியில் தடதடவென ஏறி வந்து இரைக்க இரைக்க நின்றால், மூச்சு சார் முகத்தைச் சுளிப்பார்.

"ஏம்ப்பா ஓடியாற? லேட்டானா லேட்டு. இப்ப நீ உட்ட மூச்சுல நான் காலையிலேருந்து புடிச்சதெல்லாம் போச்சு!"

விளைவு, மாவட்டத்திலேயே மிக நிதானமாக வேலைக்கு வரும் ஊழியர்கள் என்ற பெயரை நாங்கள் வாங்கினோம். மனிதன் விடும் மூச்சு கரியமில வாயுக் கணக்கிலேயே வராது, தின்ற சோற்றிலிருந்து வருவதைச் செடி திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று பாடத்தில் இருக்கிறதே என ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். "பாடத்துல இருக்கும்ப்பா. பக்கத்துல உக்காந்துகினு நீ உடறது எனக்குத் தெரியுதில்ல?" என்றார். அத்தோடு அந்த விவாதம் முடிந்தது.

அவருடைய வேலை அப்படி. காற்றில் ஏறிக் கிடக்கும் கரியமில வாயுவைக் கடல் வழியாகப் பிடித்து இறக்கும் திட்டம் ஒன்று, வெளிநாட்டுப் பணத்தில் எங்கள் ஊருக்கு வந்தது. முதுநகரைத் தாண்டிக் கடலோரத்தில் ஒரு மிஷின் வைத்தார்கள். அதற்கு மூச்சு சார்தான் இன்ஜினியர், மேனேஜர், காவல்காரர் எல்லாம். நான் ரிப்போர்ட் எழுதும் ஆள். என்ன செய்கிறீர்கள் என்று யார் கேட்டாலும் மூச்சு சார் ஒரே விளக்கம்தான் சொல்வார்.

"கடல் ஒரு ஸ்பாஞ்சுங்க. காத்துல இருக்குற கேஸை உறிஞ்சி உறிஞ்சி ரொம்பிப் போயிருக்கு. நாம தண்ணியை எடுத்து, கேஸைப் பிழிஞ்சிட்டு, திரும்பக் கடல்லயே உட்டுடறோம். அது மறுபடியும் காத்துலேருந்து உறிஞ்சும். அவ்ளோதான்."

பிழிந்த வாயுவை என்ன செய்வது என்பதுதான் அடுத்த கேள்வி. கடலுக்கு அடியில் பாறைக்குள் அடைத்துவிடுவதாகத் திட்டம். ஆனால் பாறை இரண்டாம் கட்டத்தில்தான் வரும். முதல் கட்டத்துக்கு சிலிண்டர் மட்டும் கொடுத்திருந்தார்கள்.

திறப்பு விழாவை மறக்கவே முடியாது. சென்னையிலிருந்து வந்த டைரக்டர், மிஷினுக்குப் பக்கத்திலேயே கணபதி ஹோமம் நடத்தியே ஆகவேண்டும் என்றார். கரியமில வாயுவைப் பிடிக்க வந்த மிஷினின் முகத்துக்கு நேராகப் புகை. மூச்சு சார் ஐயர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு, அவர் போடப்போகும் சுள்ளிகளை ஒவ்வொன்றாகப் பின்பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தார்.

"ஒரு குச்சி போதாதுங்களா சாமி?"

"ஒரு குச்சிக்கெல்லாம் பிள்ளையார் வரமாட்டார் சார். தள்ளி உக்காருங்கோ."

ஹோமம் முடிந்து, சரவெடி வெடித்து, வந்த கார்களெல்லாம் கிளம்பிப் போன பிறகு மூச்சு சார் மிஷினைத் தடவிக் கொடுத்தார். இன்றைக்கு ஏறியதை இறக்கவே அதற்குப் பல மாதம் ஆகும் என்றார். அது உண்மையில் அடக்கமான மதிப்பீடு. மிஷின் ஓடிய நாளைவிட நின்ற நாள்தான் ஜாஸ்தி. ஒருநாள் ஜெல்லி போலக் கொழகொழக்கும் சொறி மீன் வந்து குழாயை அடைக்கும். இன்னொரு நாள் உப்பு அரித்துவிடும். கரண்ட் போனால் டீசல் ஜெனரேட்டர் கறுப்புப் புகையோடு கிளம்பும். அப்போது மட்டும் மூச்சு சார் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார்.

இப்படித் தத்தளித்துத் தத்தளித்து, கடைசியில் ஒரு சிலிண்டர் நிறைந்தது. ஒன்றே ஒன்று. அதற்குப் பச்சைப் பெயின்ட் அடித்து, ஆபீஸ் ஜீப் நிற்கும் ஷெட்டில் நிறுத்திவைத்தார். பணம் போட்ட வெளிநாட்டுக்காரர்கள் பார்வையிட வரப்போகிறார்கள், அவர்களிடம் அந்தச் சிலிண்டரைக் காட்டவேண்டும். அவர்களுக்குத் திருப்தி என்றால் அடுத்த கட்டத்துக்குப் பணம் வரும். இல்லையென்றால் மிஷினைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள், எங்கள் அத்தனை பேருக்கும் வேலை போய்விடும். ஜீப் டிரைவர் செல்வத்தின் மனைவி அப்போது கர்ப்பமாக இருந்தாள். அந்தச் சிலிண்டரைக் கடந்து போகும்போதெல்லாம் அவன் கன்னத்தில் போட்டுக்கொள்வான்.

இதற்கிடையில் மூச்சு சாரின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று.

அவருக்குச் சொந்த ஊர் சிதம்பரம். அவர் மனைவியின் தம்பி அங்கே சோடா கம்பெனி வைத்திருந்தார். பன்னீர் சோடா, கலர் எல்லாம் போடுவார். கரியமில வாயுவைத் தண்ணீரில் ஏற்றி ஊருக்கு விற்பவர் ஒருவர், தண்ணீரிலிருந்து அதை இறக்குபவர் ஒருவர். இரண்டு பேரையும் ஒரே குடும்பத்தில் கொண்டுவந்து சேர்த்தது யார் வேலையோ தெரியாது. தீபாவளிக்குத் தீபாவளி இவர் அவரைப் பார்த்து, "நான் ஒரு பக்கம் புடிக்கிறேன், நீ ஒரு பக்கம் தொறந்து உடற. உருப்படுமா மச்சான்?" என்பார். அவர், "குடிச்சுட்டுப் பேசுங்க மாமா" என்று ஒரு பாட்டிலை உடைத்து நீட்டுவார். மூச்சு சார் ஒருநாளும் வாங்கிக் குடித்ததில்லை.

மேல வீதிப் பக்கம் ஒரு மண்டபத்தில் கல்யாணம். முதல் நாள் மாலை வரவேற்பு. தாய்மாமன் என்ற முறையில், வருகிறவர்களுக்கெல்லாம் பன்னீர் சோடா தன் செலவு என்று மச்சான் அறிவித்துவிட்டார். மண்டபத்துக் கொல்லையில் மிஷினைப் போட்டு அங்கேயே நிரப்பி, அங்கேயே கொடுப்பது. கூட்டம் வரத் தொடங்கும் நேரத்தில் அவருடைய கேஸ் தீர்ந்துவிட்டது. கல்யாண சீசன், எங்கேயும் கிடைக்கவில்லை. கடலூரிலிருந்து கிளம்பத் தயாராக இருந்த செல்வத்துக்குப் போன் போட்டார்.

"தம்பி, தாய்மாமன் மானம் கப்பலேறுது. உங்க ஆபீஸ்ல ஒரு சிலிண்டர் இருக்குதாமே?"

செல்வம் யோசித்தானாம். அவனே பிறகு என்னிடம் சொன்னான்: "கேஸுன்னா தீரணும்ணே, தீந்தா மாத்தணும். ரொம்புன சிலிண்டரு சும்மா நின்னா யாருக்குப் பிரயோஜனம்? திரும்பி வந்து மிஷினைப் போட்டா அது பாட்டுக்கு ரொம்பிடப் போவுதுன்னு நெனைச்சேன்." கன்னத்தில் போட்டுக்கொண்ட அதே கையால் அதைத் தூக்கி ஜீப்பில் ஏற்றிவிட்டான்.

சோடா அன்றைக்குப் பிரமாதம். நானே குடித்தேன். மூக்கில் சுர்ரென்று ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. மண்டபத்தின் மூலைக்கு மூலை ஏப்பம். மேடையில் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்த மூச்சு சாருக்கு அது நாராசமாகக் கேட்டிருக்க வேண்டும். யார் இத்தனை வாயுவைத் திறந்துவிடுவது என்று பார்க்கப் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். பச்சைச் சிலிண்டரைப் பார்த்தார்.

"மச்சான்! இது எப்பிடிடா இங்க வந்துச்சு?"

"செல்வம் எடுத்தாந்தான் மாமா. ஃபஸ்ட் கிளாஸ் கேஸு. எந்தக் கம்பெனி?"

"கடலுடா! கடல்லேருந்து கொஞ்சம் கொஞ்சமா நான் பிழிஞ்சு வெச்சதுடா!"

மேளக்காரர்கள் அப்போதுதான் சோடா குடிப்பதற்காக வாசிப்பை நிறுத்தியிருந்தார்கள். ஆகவே கடல் என்ற வார்த்தை மண்டபம் முழுவதும் தெளிவாகக் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் சுத்த சைவம். மாப்பிள்ளையின் பெரியப்பா, வாய்க்குக் கொண்டுபோன பாட்டிலை அப்படியே நிறுத்தினார்.

"கடல்லேருந்தா? என்னாங்க சம்பந்தி இது?"

அதுவரை பிரமாதம் என்று குடித்தவர்களில் ஒருவருக்கு உப்புக் கரித்தது. இன்னொருவருக்குக் கவிச்சி அடித்தது. மூன்றாவது பாட்டிலில் இருந்த ஒரு அம்மாள், முதல் பாட்டிலிலேயே தனக்குச் சந்தேகம் வந்ததாகச் சொன்னார்.

மச்சான் குறுக்கே வந்தார். "காத்துல இன்னாங்க சைவம் அசைவம்? காத்துக்கு எலும்பா இருக்கு?"

பெரியப்பா விடவில்லை. "கடல்ல மீனு மூச்சு உடுதில்ல? அந்த மூச்சும் இதுல சேந்து வந்திருக்கா இல்லியா? சம்பந்தி வாயால சொல்லட்டும்."

எல்லோரும் மூச்சு சாரைப் பார்த்தார்கள். 'இல்லை' என்று ஒரு வார்த்தை போதும். அவர் மனைவி தூணுக்குப் பின்னாலிருந்து, சொல்லித் தொலையுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினார். மூச்சு சார் விட்டத்தைப் பார்த்து யோசித்தார்.

"இருக்கும்ங்க. ரொம்பக் கொஞ்சமா. ஆனா இருக்கும்." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "மீனு மட்டும் இல்லீங்க, நண்டு, எறா, சொறி எல்லாத்தோடதும் இருக்கும்."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். கிளம்பப்போகிறார் என்று அர்த்தம். மணப்பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. அந்த நேரத்தில் மாப்பிள்ளை மேடையிலிருந்து மாலையோடு இறங்கி வந்தார்.

"பெரியப்பா, கோயில் கொளத்துலயும்தான் மீனு இருக்கு. அந்தத் தண்ணியத் தலையில தெளிச்சுக்கிட்டுத்தானே உள்ள போறோம்?" என்றவர் மச்சானிடம் கையை நீட்டினார். "எனக்கு ஒண்ணு உடைங்க."

தெளிப்பது வேறு, குடிப்பது வேறு என்று பெரியப்பா முணுமுணுத்தார். ஆனாலும் துண்டு தோளிலிருந்து இறங்கியது. மேளம் மறுபடியும் தொடங்கியது.

மூச்சு சார் மட்டும் கொல்லையிலேயே நின்று சிலிண்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். காலி. அவர் கண் கலங்குவதைப் பார்த்த உறவுக்காரர்கள், பெண்ணைப் பிரியும் துக்கம் என்று நினைத்து முதுகைத் தடவி ஆறுதல் சொன்னார்கள். செல்வம் ஓடி வந்து காலில் விழாத குறையாக அழுதான்.

"உங்க மானத்தைக் காப்பாத்தலாம்னுதான் சார்..."

"எல்லாரும் குடிச்சாங்களா?"

"குடிச்சாங்க சார்."

"நல்லாருந்துச்சாமா?"

"சூப்பர்னாங்க சார்."

மூச்சு சார் காலிச் சிலிண்டரின் வால்வைத் திருகி மூடினார். பிறகு, "சரி, பந்தி போட்டுட்டாங்க. போய்ச் சாப்புடு" என்றார்.

மறுவாரம் வெளிநாட்டுக்காரர்கள் வருவதற்கு முன்பாக டைரக்டர் வந்தார். விஷயத்தைக் கேட்டு அவர் வருத்தப்படவில்லை. டைரக்டர்கள் வருத்தப்படுவதில்லை. "குடிச்சாச்சு இல்ல? உள்ள போயிடுச்சு இல்ல? அப்ப நீக்கியாச்சு" என்றார்.

"என் கண்ணு முன்னாலயே ஏப்பமா வெளிய வந்துடுச்சு சார்" என்றார் மூச்சு சார்.

"அத யாரும் கேக்க மாட்டாங்க."

விருந்தினர்கள் வந்தார்கள். பெரிய தொப்பி போட்ட ஒரு அம்மா அவர்களுக்குத் தலைவி. பிடித்த வாயுவை உள்ளூர் மக்களின் பயன்பாட்டுக்கே அர்ப்பணித்துவிட்டோம் என்று டைரக்டர் பேசினார். அந்த வாக்கியம் என் கைவண்ணம். ஒருவர் கைதட்டக்கூடச் செய்தார். எல்லாம் சுமுகமாக முடியப்போன நேரத்தில், தொப்பி அம்மா மூச்சு சார் பக்கம் திரும்பி, இதுவரை காற்றிலிருந்து மொத்தம் எவ்வளவு நீக்கியிருக்கிறீர்கள் என்று கேட்டார்.

மூச்சு சார் எங்களைத் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொருவராகப் பார்த்தார். செல்வத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். எங்கள் பிழைப்பு அவர் பதிலில்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை.

"சைபர் மேடம்" என்றார். டைரக்டர் இருமினார். மூச்சு சார் நிறுத்தவில்லை. "ஜெனரேட்டருக்கு ஊத்துன டீசலையும் சேர்த்தா சைபருக்கும் கீழ. மிஷின் வேலை செய்யுது, அதுல பொய் இல்ல. ஆனா கேஸை அடைக்கப் பாறை வேணும், ஓட்டுறதுக்குப் புகையில்லாத கரண்ட் வேணும். அது ரெண்டும் வர்ற வரைக்கும் நாங்க எதையும் நீக்கல."

தொப்பி அம்மா அவர் கையைப் பிடித்து நெடுநேரம் குலுக்கினார். போன இடத்திலெல்லாம் டன் டன்னாக நீக்கியதாகத்தான் கேட்டிருக்கிறேன், இப்படி ஒரு பதிலைக் கேட்டதே இல்லை என்றார். பணம் மட்டும் வரவில்லை. மிஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவர் முகத்துக்கு நேராகவே கேட்டேன். "ஒரு பொய் சொல்லியிருந்தா இன்னா சார்? எல்லாரும்தான சொல்றாங்க?"

"சொல்லியிருக்கலாம்ப்பா. பொய்யிலயே நீக்கிடலாம்னா, அப்புறம் மிஷின் எதுக்கு?"

பதில் நன்றாகத்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு மளிகைக் கடைக்குப் போக முடியாதே! அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன்.

ஆனால் அவர் எங்களை விடவில்லை. வெயிலில் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினார். தனக்காக யாரிடமும் போய் நிற்காத மனிதர், எங்களுக்காகப் போகாத வாசல் இல்லை. பிச்சாவரம் பக்கத்து இறால் பண்ணை ஒன்றில் இரண்டு பேரைச் சேர்த்துவிட்டார். செல்வத்துக்காக மச்சானின் சோடா கம்பெனி வாசலில் போய் நின்றார். வண்டி ஓட்ட ஆள் வேண்டுமா என்று கேட்டு, நீட்டிய சோடாவை முதல்முறையாக மறுபேச்சில்லாமல் வாங்கிக் குடித்தாராம். செல்வத்துக்குப் பெண் பிறந்தபோது வேலை கையில் இருந்தது. என்னை ஒரு பத்திரிகைக்காரரிடம் அழைத்துப் போனவரும் அவர்தான். "இவன் எழுதுன ரிப்போர்ட்டைப் படிச்சிருக்கேன் சார். நடக்காததை நடந்த மாதிரியே எழுதுவான். உங்களுக்கு உபயோகப்படுவான்" என்று சிபாரிசு செய்தார். அப்படித்தான் கதை எழுதும் இந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தேன்.

அவருக்கு என்று வேலை எதுவும் கிடைக்கவில்லை. பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு வீட்டில் டியூஷன் எடுக்கிறார்.

போன வாரம் செம்மண்டலத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் எங்கள் மிஷினுக்குக் குழாய் சப்ளை செய்த ஆசாமி பக்கத்தில் வந்து நின்று, "அந்த லூசு இப்ப எங்க இருக்காரு? ஒரே வார்த்தையில அத்தினி பேரு பொழப்பையும் கெடுத்தாரே" என்று சிரித்தான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு அவனோடு சண்டைக்குப் போய்விட்டேன். கடைக்காரர்தான் வந்து விலக்கினார். அவரை லூசு என்று சொல்லலாம். நாங்கள் தினம் சொல்லியிருக்கிறோம். ஆனால் வேறு யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்கவில்லை.